மூன்றாவது சேனல் ஊமை

செப்டம்பர் பதிமூன்று, சனிக்கிழமை, காலை பதினொன்று இருபது. தூறல். குடை விரித்தால் ஊர் சிரிக்கும், விரிக்காவிட்டால் தடுமன் பிடிக்கும் என்கிற அளவுக்கான தூறல். கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து முந்நூற்றுப் பத்து அடி தள்ளியிருக்கும் ஒரு மைக் செட் கடைக்குள் துணிப்பையோடு நுழைந்தேன். பைக்குள் பழைய ஆடியோ மிக்ஸர் ஒன்று. எடை இரண்டு கிலோ நூறு கிராம். வீட்டுத் தராசில் நானே நிறுத்தது.

கடையில் என்னைச் சேர்த்து ஐந்து பேர். ஒருவர் கடைக்காரர். அவரை பாபு என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைப் போட்டால் மறுபடியும் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, மடக்கிய குடையோடு மாமனார். குழந்தையின் காதுகுத்துக்கு சவுண்ட் சர்வீஸ் பேச வந்தவர்கள்.

மிக்ஸரை மேஜைமேல் வைத்தேன். 'வைத்தேன்' என்பது என் கணக்கு. பாபுவின் கணக்கில் அது 'போட்டேன்'.

"மூணாவது சேனல் ஊமை. தெரிஞ்சேதான் என் தலைல கட்டியிருக்க பாபு," என்றேன்.

காதுகுத்துக்காரர் முன்பணமாக நீட்டியிருந்த நோட்டுகளை மெதுவாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. முப்பத்து மூன்று வருடம் காதை வைத்துச் சம்பளம் வாங்கினவன் நான், என்னிடம் இந்த வேலை நடக்காது என்று மேலும் நான்கு வாக்கியம் பேசினேன். அவற்றில் ஒரு வாக்கியத்தில் 'திருட்டு' என்ற சொல் இருந்தது.

காதுக்குச் சம்பளம்

போன வாரம் இந்தப் பத்தியில் மில் கேன்டீன் பற்றி எழுதியதற்கு ஏழு கடிதங்கள் வந்தன. அவற்றில் இரண்டு, இட்லி எண்ணிக்கையில் தவறு என்று. ஒத்துக்கொள்கிறேன். நாலு இல்லை, மூன்று. ஆனால் மூன்றாவது கடிதக்காரர் கேட்ட கேள்வி வேறு: "தாங்கள் கும்மிடிப்பூண்டியில் உண்மையில் என்ன வேலை பார்த்தீர்கள்?"

கேட்டேன். அதுதான் வேலை.

தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில். பழுத்த இரும்புக் கட்டியை உருட்டிக் கம்பியாக்கும் இடம். அங்கே சுழலும் ஒவ்வொரு தண்டையும் தாங்குவதற்குப் பேரிங்குகள் உண்டு. எங்கள் பக்கத்தில் மட்டும் நூற்று எண்பத்து நாலு. நீளமான ஒரு திருப்புளியின் நுனியைப் பேரிங் பெட்டிமேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் பொருத்திக் கேட்பேன். நல்ல பேரிங் ஒரே சீராக 'ம்ம்' என்று இருக்கும். கெடப்போவது மணலை மெல்லும். எத்தனை நாளில் போகும் என்று சொல்லிவிடுவேன். பதினோரு முறை தவறாகச் சொல்லியிருக்கிறேன். பதினொன்றும் எனக்கு இன்றைக்கும் தேதியோடு தெரியும்.

காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிற ரப்பர், நூல் கோத்தது. போட்டால் பேரிங் கேட்காது என்று நான் போடவில்லை. தூக்கியும் எறியவில்லை, அதுவும் சுபாவம். ஓய்வுபெற்றுத் திருவள்ளூர் பக்கம் மணவாள நகருக்கு வந்தபோது அறுபத்திரண்டு ஜோடி, உறை பிரிக்காமல், ஊறுகாய் ஜாடியில் என்னோடு வந்தன.

கூவுகிற மிக்ஸர்

ஓய்வுபெற்றவனுக்குச் செல்போன் கொடுக்கக் கூடாது. கெட்டுப்போன பேரிங்குகளின் சத்தத்தை யாரோ பதிவுசெய்து போட்டிருக்க, அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் போன் தானாகவே அடுத்ததைப் போட்டது. ஒரு வெளிநாட்டு மனிதர். முன்னால் மிக்ஸர் மட்டும். மைக் இல்லை, வாத்தியம் இல்லை. மிக்ஸரிலிருந்து வெளியே வரும் ஒயரை அதன் உள்வாசலிலேயே செருகியிருந்தார். அது தன்னைத் தானே கேட்டுக்கொண்டு, உறுமி, முனகி, விசிலடித்துக் கொண்டிருந்தது. அவர் குமிழ்களைத் திருகினார். கீழே நானூறு பேர் இது சங்கீதமா என்று திட்டியிருந்தார்கள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது எங்கள் ஆறாம் நம்பர் கியர்பாக்ஸ்.

மூன்று மாதம் அதே வேலையாக இருந்தேன். சென்னையில் ஒரு மாடி அறையில் மாதம் ஒரு முறை இந்த மாதிரிச் சத்தங்களைக் கேட்கக் கூடுகிறார்கள் என்று தெரிந்து, பதினொரு கேள்விகளோடு மின்னஞ்சல் அனுப்பினேன். நடத்துகிற பெண்மணி ஒரே வரியில் பதில் போட்டார்: அக்டோபரில் பத்து நிமிடம் வாசியுங்கள்.

வாசிக்க மிக்ஸர் வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று முடிவெடுத்துப் பதினொரு மாடல்களுக்குப் பதினாலு கட்டத்தில் அட்டவணை போட்டேன். புதியவற்றில் கலர் விளக்கு இருந்தது, ப்ளூடூத் இருந்தது, எதிரொலிக்கப் பதினாறு வகை இருந்தது. எனக்கு வேண்டியது இல்லை. ஒவ்வொரு சேனலின் ஒலியையும் தனியாக வெளியே எடுத்துத் திருப்பி அனுப்ப 'ஆக்ஸ்' என்றொரு பக்கவாசல் வேண்டும். பாஸ், மிட், ட்ரெபிள் என்று அடி, நடு, உச்ச ஒலிகளுக்கான குமிழ்கள் மூன்றும் சேனலுக்குச் சேனல் வேண்டும். ரொம்பச் சுத்தமான மிக்ஸரும் ஆகாது. உள்ளே கொஞ்சம் இரைச்சல் இருந்தால்தான் அது சுற்றிச் சுற்றி வந்து பெரிதாகும். ஆக, நல்லது எதுவுமே எனக்கு உதவாது என்று அட்டவணை சொன்னது.

மிக்ஸர் வாங்கக் கவரைப்பேட்டை வரை போகிறேன் என்றபோது லில்லி அடுப்பைப் பார்த்தபடியே, "கால் கிலோ போதும், பூண்டு போடாததா பாருங்க," என்றாள். லில்லி என் மனைவி. ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். நாற்பத்தொரு வருடம் இரண்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் பென்சில் உருண்டால் அவளுக்குக் கேட்கும்.

பெரியபாளையத்தில் வண்டி மாறிப் போய், பாபுவிடம் நேராகவே கேட்டேன். எது நல்லா கூவும்?

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருவத்திரண்டு வருசமா கூவாம இருக்கத்தான் சார் எனக்கு டப்பு குடுக்குறாங்க. மைக்கு கூவினா கோயில்ல தர்மகர்த்தா திட்டுவாரு, சர்ச்சுல பாஸ்டர் மொறைப்பாரு. நீங்க இன்னா, கூவுறதைத் தேடிக்கினு வந்துகிறீங்க."

ஒயர் விஷயத்தை விளக்கினேன். தன் வாலைத் தானே கடிக்கிறாப்போல என்று புரிந்துகொண்டார். பரணிலிருந்து ஆறு சேனல் மிக்ஸர் ஒன்றை இறக்கித் தூசு தட்டினார். இரண்டு குமிழ்களுக்குத் தலை இல்லை. ஆடி மாதக் கோயில் விசேஷத்தில் மழையில் நனைந்ததாம். அஞ்சாவது சேனல் கரகரக்கும், மற்ற அஞ்சும் சுத்தம், பொய் சொல்ல மாட்டேன் என்றார். நாலாயிரத்து ஐந்நூறு கேட்டார். நாற்பது நிமிடம் பேசி மூவாயிரத்து எண்ணூறுக்குக் கொண்டுவந்தேன். பெரியவர், காது தெரிந்தவர் என்று விட்டுக்கொடுத்ததாகச் சொன்னார். அந்தச் சொல்லை வீடு வரைக்கும் மனதுக்குள் சப்பிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் எல்லாமே ரிப்பேர்

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பொருளும் ஒழுங்காக உழைக்காது. வாசல் மணி மூன்று மாற்றியாயிற்று. கைக்கடிகார அலாரம் வாங்கிய நாளிலிருந்து அடிப்பதில்லை. எல்லாவற்றிலும் மோசம் பால் குக்கர். தண்ணீர் கொதித்ததும் விசிலடிக்க வேண்டும், இல்லையா? நான் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். விசில் வராது. மாடியில் துணி காயப்போடும் லில்லி ஓடிவந்து அடுப்பை அணைப்பாள். "அது கூவிக்கினே இருக்கு, எழுந்து அணைக்கக்கூட முடியாதா?" நான் விசில் சரியில்லை என்பேன். அவள் மனுஷன் சரியில்லை என்பாள். மூன்று விசில் மாற்றினேன். மூன்றும் மட்டமான விசில்கள். இந்த வழக்கு பன்னிரண்டு வருடமாக நடந்துவந்தது. தீர்ப்பில் ஒவ்வொரு முறையும் எனக்கு 'சோம்பேறி' என்று வரும். ஒரு தடவை அவள் இரண்டு நாள் பேசவில்லை.

மிக்ஸர் வந்த வாரம் லில்லி பட்டாபிராமில் தங்கை வீட்டில் இருந்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பாட்டு மேஜைமேல் மிக்ஸரையும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியையும் வைத்தேன். ஐந்து குட்டை ஒயர்கள். முறையாகச் செய்ய வேண்டும் என்று முதல் சேனலுக்குப் பாஸ் மட்டும், இரண்டாவதுக்கு மிட் மட்டும், மூன்றாவதுக்கு ட்ரெபிள் மட்டும் என்று பிரித்தேன்.

முதல் சேனல் எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிபோல உறுமியது. இரண்டாவது, டப்பாவுக்குள் மாட்டிய வண்டு. ஆனந்தமாக இருந்தது. மூன்றாவதைத் திருகினேன். ஒன்றுமில்லை. இன்னும் திருகினேன். முழுசாகத் திருகிவிட்டு நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தேன்.

தெருவில் ஐந்து நாய்கள் ஊளையிட்டன. எதிர்வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஜன்னல்களைச் சாத்தினார்கள். மழை வருகிறதாக்கும் என்று மாடிக்குப் போய்க் கொடியிலிருந்த வேட்டியை எடுத்துவந்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.

ஒரு மெஷினில் கோளாறு என்றால் இரண்டு பாகங்களை இடம் மாற்றிப் பார், கோளாறு கூடவே நகர்கிறதா என்று கவனி. மில்லில் எண்பது பேருக்காவது நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. அன்றைக்கு மூன்றாவது சேனலில் பாஸையும் முதல் சேனலில் ட்ரெபிளையும் மாற்றி வைத்திருந்தால் விஷயம் என் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். மாற்றவில்லை. பாபு ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டி, நாலு வாக்கியங்களைத் தயார்செய்ய ஆரம்பித்தேன்.

ஆறு கைகள்

அந்த வாக்கியங்களைப் பேசி முடித்த இடத்துக்கு வருகிறேன். கடையில் பாபு மேஜை டிராயரைத் திறந்து மூவாயிரத்து எண்ணூறை எண்ணி மிக்ஸர் பக்கத்தில் வைத்தார்.

"மொதல்ல டப்பை எடுத்துக்குங்க சார். அப்பறம் பாக்கலாம்."

நான் எடுத்துப் பைக்குள் போட்டேன். எண்ணிப் பார்த்துத்தான் போட்டேன்.

ஒயர்களை வீட்டில் மாட்டியபடியே என்னை மாட்டச் சொன்னார். கடை ஸ்பீக்கரில் இணைத்தார். மூன்றாவது சேனலைத் திருகினார். தகரக் கூரைமேல் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. மேலே மின்விசிறி கடகடத்தது. வேறு ஒன்றுமில்லை.

"பாத்தியா?" என்றேன் வெற்றியோடு.

அப்போதுதான் திரும்பினேன். காதுகுத்துக்காரரும் மனைவியும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தார்கள். மாமனார் ஒரு கையால் பொத்தியிருந்தார்; மறுகையில் குடை. பாபு ஒரு கை குமிழில், ஒரு கை காதில். முகம் எலுமிச்சம்பழம் கடித்ததுபோல. தெருவுக்கு அந்தப் பக்கம் டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு இங்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜைமேல் ஒரு திருப்புளி கிடந்தது. எடுத்து நுனியை ஸ்பீக்கர் பெட்டிமேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் பொருத்தினேன். பெட்டிக்குள் மின்சாரம் ரீங்கரித்தது கேட்டது. தெருவில் போன லாரியின் அதிர்வு கேட்டது. என் நாடி கேட்டது. மற்ற எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை.

பாபு அணைத்தார். ஆறு கைகள் இறங்கின.

"சார், நெசமாவே கேக்கலியா?" என்றார், சின்னக் குரலில்.

அந்த நாலு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கெங்கோ பார்த்தார்கள்.

"டப்பு இன்னா சார் டப்பு. நாலு பேர் எதிர்ல திருட்டுன்னீங்களே," என்றார் பாபு. "அதுதான் பேஜாரா போச்சு."

காதுகுத்துக்காரர் பக்கம் திரும்பி, மெஷின் நல்ல மெஷின், கெட்டது என் காது, இவர் சொன்னால் சொன்னபடி இருக்கும் என்று சொன்னேன். அறுபத்தெட்டு வயதில் நின்றுகொண்டு சொன்னேன். மாமனார் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார். "காதுகுத்துக்கு சவுண்டு கேக்க வந்தா, எங்க காதையே குத்தி அனுப்புறீங்களே," என்றவர், மருமகனின் சட்டைப்பையிலிருந்து தானே நோட்டுகளை எடுத்து பாபுவிடம் நீட்டினார்.

மிக்ஸரை மறுபடி கேட்டேன். மூவாயிரத்து எண்ணூறை நீட்டினேன். பாபு வாங்கவில்லை. அன்றைக்குக் குறைத்தது காது தெரிந்தவருக்கு, இன்றைக்கு முழு ரேட்டு என்றார். நாலாயிரத்து ஐந்நூறும் கொடுத்தேன். என் வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கிய முதல் பொருள் இது. பிறகு பக்கத்துக் கடைக்குப் போய் அரைக் கிலோ கார மிக்ஸர் வாங்கிவந்து அவர் மேஜைமேல் வைத்தேன். இந்த முறை நிஜமாகவே வைத்தேன்.

பாபு பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி வாயில் போட்டார். "இது கூவாதில்ல சார்?" என்றார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

பொத்தான்

திருவள்ளூரில் காதைச் சோதிக்கும் இடத்துக்கு லில்லியும் வந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதல் சில சத்தங்கள் ஏழு விநாடிக்கு ஒன்றாக வந்தன. பிறகு கேட்கவில்லை. ஆனால் ஏழு விநாடி எனக்குத் தெரியுமே? எண்ணி எண்ணி அழுத்தினேன்.

சோதித்த பெண் கதவைத் திறந்தார். "சார், நான் நிறுத்தி ரெண்டு நிமிசம் ஆவுது."

மறுபடி ஆரம்பித்தார்கள். லில்லி கண்ணாடிக்கு வெளியிலிருந்து, எண்ணாதீங்க என்று வாயசைத்தாள். வந்த தாளில் ஒரு கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், கீச்சுச் சத்தங்கள் தொடங்கும் இடத்தில் திடீரென்று கிணற்றில் விழுந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடமாகவே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார் அந்தப் பெண். காதுக்கு ஒரு மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று விலையும் சொன்னார். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

லில்லி தாளை வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வலது கை

அக்டோபர் நிகழ்ச்சிக்கு வரவில்லை என்று எழுதிவிட நினைத்தேன். தன் வாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்க முடியாதவன் எதை வாசிப்பது? மின்னஞ்சலைப் பாதி அடித்திருந்தபோது லில்லி ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குக் கேக்குதில்ல. வாசிங்க."

பதினோரு நாள் பழகினோம். அவள் வலது கை மடியில் இருந்தால் மூன்றாவது சேனல் சும்மா இருக்கிறது. தோள்வரை வந்தால் போதும், குறை. முஷ்டி மூடினால் நிறுத்து. இரண்டாம் வகுப்பில் அறுபது பிள்ளைகளை அடக்கிய அதே கை.

மாடி அறையில் பதினாறு பேர். வாசலில் ஊறுகாய் ஜாடியை வைத்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். ஒன்பது ஜோடி அடைப்பான்கள் போயின. லில்லி முதல் வரிசை. முதலில் லாரி, அப்புறம் வண்டு. யாரோ இருவர் எழுந்து போனார்கள். ஆறாவது நிமிடம் அவை இரண்டையும் இறக்கிவிட்டு மூன்றாவதைத் தொட்டேன்.

எனக்கு அறை காலியாயிற்று. லில்லியின் கை மடியிலிருந்து எழுந்து தோளுக்கு வந்தது. குறைக்கப் போனேன். அவள் தலையை ஆட்டி, உள்ளங்கையை மேலே திருப்பினாள். நாங்கள் பழகியதில் இது இல்லை. ஆனால் அவள் வகுப்பில் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்: எழுந்து நில், சத்தமாகச் சொல். ஏற்றினேன். ஒரு நிமிடம் நாற்பது விநாடி, பூரண நிசப்தத்தில், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு குமிழைத் திருகினேன். பின்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு லில்லி முஷ்டியை மூடினாள். அணைத்தேன். எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று எண்ணத் தவறிவிட்டேன்.

திருவள்ளூர் வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வில்லிவாக்கம் தாண்டியதும் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவள் என் நல்ல காதுப் பக்கம் மாறி உட்கார்ந்தாள்.

"நம்ம பால் குக்கர் கூவுறா மாதிரியே இருந்துச்சு," என்றாள். "அப்பவும் நீங்க எழுந்துக்கல."

ஆவடியில் வண்டி நின்றபோது அவளே கேட்டாள்.

"அப்ப அந்த மூணு விசிலும் நல்ல விசிலுங்கதானா?"

"மூணும்," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பட்டாபிராம் வந்தபோது வலது கையை என் முன்னால் நீட்டினாள். "எனக்குக் கூலி?"

ஆக: மிக்ஸர் நாலாயிரத்து ஐந்நூறு. ஒயர்கள் முந்நூறு. கவரைப்பேட்டைக்கு இரண்டு தடவை போக வர பஸ் நூற்று அறுபது. கார மிக்ஸர் நூற்று அறுபது. காது சோதனை முந்நூற்று ஐம்பது. சென்னைக்கு இருவருக்கும் ரயில் அறுபது, அங்கே ஆட்டோ இருநூற்று நாற்பது. லில்லியின் வலது கைக்கு நூறு. இதோடு நிறுத்தலாம் என்றுதான் பார்த்தேன். நியாயமில்லை. குற்றமே செய்யாமல் குப்பைக்குப் போன மூன்று விசில்கள், ஒன்று நாற்பது வீதம் நூற்று இருபது. மொத்தம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.